பார்த்தேன், சரி

ஜனவரி 6, திங்கள்

காலையில் பிரஷர் 138/88.

தினமும் பார்த்து எழுதி வைக்கச் சொல்லி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கல்லூரிக்குப் புத்தகம் போடும் கம்பெனிக்காரன் வருடா வருடம் கொடுக்கும் டைரி சும்மாதான் கிடந்தது. பிரஷரை மட்டும் எழுதினால் பக்கத்தில் ஒரு வரிதான் ஆகிறது, மீதிப் பக்கம் வெறிச்சென்று கிடக்கிறது. அதனால் இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன்.

பெயர் சென்னியப்பன். வயது நாற்பத்தாறு. சரவணம்பட்டிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப்களைப் பார்த்துக்கொள்கிறேன். மாலையில் வீட்டுக்கு வந்ததும் இன்னொரு வேலை, அதற்குச் சம்பளம் கிடையாது. ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்புகளை வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து, சொந்த வட்டில் இருப்பது போலவே திறந்து எழுதவைக்கும் இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. உலகம் முழுக்க எவரெவரோ சேர்ந்து உருவாக்குகிறார்கள். அதற்கு எண்ணூறு பக்க விளக்கம். அந்தப் பக்கங்களில் இருக்கும் சின்னச் சின்னப் பிழைகளை ஆறு வருடமாகத் திருத்தி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். விட்டுப்போன எழுத்து, இல்லாத கமா, இடம் மாறிய புள்ளி. இன்றுவரை இருநூற்றுப் பன்னிரண்டு திருத்தங்களை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

விளக்கப் பக்கங்களுக்குப் பொறுப்பாளர் மார்த்தா, போர்ச்சுகல்காரி. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ‘நன்றி’ என்று ஒரே ஒரு சொல் அனுப்புவாள். நான்கு தடவை பக்கத்தில் ஆச்சரியக்குறி போட்டிருக்கிறாள். இந்த மார்ச்சோடு அவள் பொறுப்பிலிருந்து விலகுகிறாளாம். அடுத்த ஆளைப் பிப்ரவரிக்குள் அவளே பார்த்துச் சொல்லுவாளாம். யாரைச் சொல்லுவாள்? ஆறு வருடமாக விடாமல் இருப்பவர்கள் எத்தனை பேர்? நான் ஒருத்தன்தான். அவசரமில்லை, வரட்டும்.

ஜனவரி 9, வியாழன்

136/86.

காபி கொண்டுவந்த கோதை என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தாள். பூங்கோதை என் மனைவி. காந்திபுரத்தில் ஓர் அச்சகத்தில் பதினான்கு வருடம் புரூஃப் பார்த்தவள். இங்கிலீஷ் மீடியம் பள்ளிகளுக்கான கைடு புத்தகங்கள். போன ஆகஸ்டில் அச்சகத்தை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து பகலெல்லாம் வீட்டில்தான் இருக்கிறாள். மளிகைப் பாக்கெட்டில் அச்சடித்திருப்பதைக்கூட விடாமல் படிக்கிறாள்.

“ஏனுங்க, அதுல ஒரே வார்த்தை ரெண்டு தடவ வருதுங்.”

“எங்க?”

“மூணாவது வரி. முடியற எடத்துல ஒண்ணு, அடுத்த வரி தொடங்கற எடத்துல ஒண்ணு.”

இருந்தது. நான் நாற்பது தடவை படித்த பக்கம். திருத்தி அனுப்பினேன். இருநூற்றுப் பதின்மூன்று. என் கணக்கில்தான் ஏறியது, அதை அவளிடம் சொல்லவில்லை.

ஜனவரி 13, திங்கள், போகி

பரணைச் சுத்தம் செய்தபோது என் பழைய லேப்டாப் கிடைத்தது. கோதையிடம் கொடுத்து, திட்டத்தில் அவள் பெயரில் ஒரு கணக்கும் தொடங்கிக் கொடுத்தேன். பொழுது போகட்டுமே, பாவம்.

எங்கள் திட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் திருத்தம் அனுப்பினாலும் பழைய ஆள் ஒருவர் படித்துவிட்டு, அடியில் ‘பார்த்தேன், சரி’ என்று போட வேண்டும். அது இல்லாமல் ஒரு கமாகூட உள்ளே போகாது. கோதைக்கு நான்தான் பார்க்கிறேன் என்று ஏற்பாடு.

“நீங்க பாத்துட்டீங்கன்னா எனக்குப் பயமில்லீங். கம்ப்யூட்டர் சமாச்சாரம் எனக்கு ஒண்ணும் தெரியாது. எழுத்த மட்டுந்தான் பாப்பன்” என்றாள்.

“அது போதும் உனக்கு” என்றேன்.

ஜனவரி 19, ஞாயிறு

146/92. பொங்கலுக்குத் தின்ற நெய்யெல்லாம் இப்போது வேலையைக் காட்டுகிறது.

ஒரு வாரத்தில் கோதை எழுபத்தோரு திருத்தங்கள் அனுப்பியிருக்கிறாள். எழுபத்தொன்று! எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்த்துச் சரி போட்டேன். எங்காவது ஒன்று தப்பாக இருக்கும், எடுத்துச் சொல்லலாம் என்று தேடினேன். இல்லை.

மார்த்தாவிடமிருந்து அவளுக்கு மடல் வந்தது. ‘நன்றி’ இல்லை. நான்கு வரி! ‘இத்தனை வருடம் எங்கே இருந்தீர்கள்? இந்தப் பக்கங்களை முதல்முறையாக யாரோ உண்மையிலேயே படித்திருக்கிறார்கள்’ என்று எழுதியிருந்தாள். முதல்முறையாகவாம். அப்படியென்றால் நான் ஆறு வருடமாக என்ன கிழித்துக்கொண்டிருந்தேன்?

கோதை அதைச் சத்தமாக எனக்குப் படித்துக் காட்டினாள். “ரொம்ப நல்லது” என்றேன். எனக்கென்ன, என் பெண்டாட்டிதானே. சந்தோஷம்தான்.

ஜனவரி 27, திங்கள்

150/94. குழம்பில் உப்பு ஜாஸ்தி போடுகிறாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மாதம் ஒருமுறை திட்டத்துக்காரர்கள் எல்லாரும் வீடியோவில் கூடுவோம். மதியம் மூன்று மணிக்கு. பொதுவாக நான் கேட்டுக்கொண்டு இருப்பேன், கடைசியில் ‘வணக்கம்’ சொல்லுவேன். இன்று மார்த்தா எடுத்த எடுப்பிலேயே கோதையைக் கேட்டாள், நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள் என்று.

இவள் துளியும் பதறவில்லை. தாளில் அச்செடுத்து, அடிக்குச்சியை, அதாவது ஸ்கேலை, வரிக்கு அடியில் வைத்து, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பேன் என்றாள். மேலிருந்து படித்தால் அர்த்தம் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும், எழுத்து கண்ணில் படாது என்றாள். அவள் இங்கிலீஷ் அப்படியொன்றும் பிரமாதமில்லை. ஆனாலும் பதினாறு பேரும் கைதட்டினார்கள். பின்லாந்துக்காரன் ஒருத்தன் எழுந்து நின்றே தட்டினான்.

ஒரே லேப்டாப்பில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அவள் முகம் முழுசாகத் தெரிந்தது. என்னுடையது ஒரு காது மட்டும்தான் தெரிந்தது.

கூட்டம் முடிந்ததும் “நல்லாப் பேசுனனாங்?” என்று கேட்டாள். “ம்” என்றேன். “ஏன், தப்பாப் போச்சுங்களா?” “கொஞ்சம் மெதுவாப் பேசியிருக்கலாம்” என்றேன். முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும் என்றுதான் அந்த நேரத்தில் இருந்தது.

பிப்ரவரி 5, புதன்

பார்க்கவில்லை. மெஷினை எங்கோ வைத்துவிட்டேன்.

கோதையின் புதிய கட்டு வந்தது. நாற்பத்து மூன்று பக்கங்கள், நானூற்றுச் சொச்சம் திருத்தங்கள். பெரும்பாலும் அடைப்புக்குறி சமாச்சாரம். அடைப்புக்குறி திறப்பதற்கு முன்னால் ஓர் இடைவெளி விட வேண்டும் என்பது அச்சகத்துச் சட்டம். முன்னால் இருக்கும் சொல்லோடு ஒட்டியிருந்தால் பிழை. பதினான்கு வருடம் அதைத்தான் சிவப்புப் பேனாவால் சுழித்தாள். அதே கண்ணோடு எங்கெல்லாம் ஒட்டியிருந்ததோ அங்கெல்லாம் பிரித்துவிட்டிருக்கிறாள். வாக்கியங்களில் அது சரி, அழகாகவும் இருக்கிறது.

முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருப்பது வாக்கியம் இல்லை. எந்தக் கோப்புறையை எந்தக் கம்ப்யூட்டருக்குத் திறந்துவிடுவது என்று சொல்லும் கட்டளைக்கு ஒரு மாதிரி வரி. கம்ப்யூட்டரின் பெயர், உடனே ஒட்டினாற்போல அடைப்புக்குறி, அதற்குள் ‘எழுதலாம்’ என்ற அனுமதி. ஒட்டியிருந்தால் அந்தக் கம்ப்யூட்டர் மட்டும் எழுதலாம். நடுவில் ஓர் இடைவெளி விழுந்தால் கதையே தலைகீழ். பெயர் சொன்ன கம்ப்யூட்டர் படிக்க மட்டும்தான் முடியும். எழுதுகிற அனுமதி, அழிக்கிற அனுமதி எல்லாம் அந்த நெட்வொர்க்கில் இருக்கும் மற்ற எல்லாருக்கும் போய்விடும்.

இது எனக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2011-ல் கல்லூரியில் இதே இடைவெளியை நானே விட்டேன். மாதிரித் தேர்வுக் கேள்வித்தாள்கள் மூன்று நாள் லேப் முழுக்கத் திறந்து கிடந்தன. பிரின்சிபால் அறையில் நின்ற அந்த அரைமணி நேரம் ஜென்மத்துக்கும் மறக்காது.

அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுப்படியிலிருந்து கோதை கேட்டாள், “முடிஞ்சுதுங்களா?”

“ஆச்சு, ஆச்சு.”

“எதாச்சும் தப்பு இருக்குதுங்களா?”

மார்த்தா எப்படியும் கடைசியாக ஒரு தடவை பார்ப்பாள். அவள் கண்ணில் படும். ‘இதுகூடத் தெரியாதா’ என்று கோதைக்கு ஒரு வார்த்தை எழுதுவாள். ஒரே ஒரு வார்த்தை. எழுத்தை மட்டும் பார்த்தால் போதாது, விஷயமும் தெரிந்திருக்க வேண்டும் என்று அந்தப் பதினாறு பேருக்கும் உறைக்கட்டுமே. அதில் யாருக்கு என்ன நஷ்டம்? என் வேலை எழுத்துப்பிழை பார்ப்பது. அந்த வரியில் எழுத்துப்பிழை இல்லை.

“ஒண்ணுமில்ல” என்றேன். ‘பார்த்தேன், சரி’ போட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

158/96.

மார்த்தா எழுதியிருக்கிறாள். எனக்குத்தான். ஆறு வருடத்தில் முதல் முழு மடல்:

‘அன்புள்ள சென்னி, நாற்பத்து மூன்று பக்கங்களையும் அப்படியே சேர்த்துவிட்டேன். நான் தனியாகப் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்துவிட்டால் பிறகு நான் எதற்கு? உங்கள் ‘சரி’யை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.’

எத்தனை வருடமாக இப்படி ஒரு மடலுக்குக் காத்திருந்தேன்! வந்தது பார், இன்றைக்கு.

இப்போது போய் ‘அந்த ஒரு வரி மட்டும் தப்பு’ என்று எழுதலாம்தான். எழுதினால், நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். புது வெளியீடு 24-ஆம் தேதிதான். இன்னும் நாள் இருக்கிறது.

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

கல்லூரி விடுமுறை. கோதையோடு மருதமலைக்குப் போனேன். ஏக கூட்டம். படியேறும்போது பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். துண்டால் விசிறிவிட்டாள்.

“என்ன வேண்டிக்கிட்ட?” என்று சும்மா கேட்டேன்.

“சொன்னாப் பலிக்காதும்பாங்க. இருந்தாலும் சொல்றனுங். மார்த்தா அம்மாவோட பொறுப்பு உங்களுக்கு வரணும்னு வேண்டிக்கிட்டன்.”

அந்த இடத்திலேயே சொல்லியிருப்பேன். வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் பின்னாலிருந்து காவடிக் கூட்டம் வந்து, எழுந்து நகரச் சொல்லிவிட்டார்கள்.

பிப்ரவரி 17, திங்கள்

162/98.

அடுத்த பொறுப்பாளர் பூங்கோதை சென்னியப்பன்.

ஒரு மாதம்! ஒரே ஒரு மாதம் ஆகிறது அவள் உள்ளே வந்து. நான் கொடுத்த லேப்டாப், நான் தொடங்கிக் கொடுத்த கணக்கு, நான் போட்ட சரி. என் பெயர் அறிவிப்பில் இருக்கிறது, அவள் பெயருக்குப் பின்னால், இனிஷியலுக்குப் பதிலாக.

மடலைப் பார்த்ததும் கோதைக்கு அழுகை வந்துவிட்டது. “எனக்கு வேண்டாமுங்க. இது உங்களுக்கு வர வேண்டியது. நான் எழுதிப் போட்டர்றன், அவரப் போடுங்கன்னு.”

அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் எரிந்தது. இவள் விட்டுக்கொடுத்து நான் வாங்க வேண்டுமா? பிச்சையா?

“குடுத்தத வாங்கிக்க. பேசாம இரு” என்று சத்தம் போட்டுவிட்டேன். எதற்குச் சத்தம் என்று புரியாமல் விழித்தாள். அப்புறம் சேமியா பாயசம் வைத்தாள். இரண்டு டம்ளர் குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 24, திங்கள்

புது வெளியீடு வந்துவிட்டது. முப்பத்தொன்றாம் பக்கம் அப்படியே இருக்கிறது, அடியில் கோதையின் பெயரோடு. யார் போய் அந்த மூலையைப் படிக்கப் போகிறார்கள்?

மார்ச் 1, சனி

பூபதி போன் செய்தான். கோதையின் தம்பி. திருப்பூரில் எம்பிராய்டரி டிசைன் போடுகிறான். பஞ்சிங் என்பார்கள். பனியனில் விழும் பூவையும் புலியையும் தையல் மெஷினுக்குப் புரிகிற மாதிரி தையல் தையலாகக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கும் வேலை. ஆறு கம்ப்யூட்டர்கள். டிசைன் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து எல்லாரும் எடுக்கிற மாதிரி செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். என்னைக் கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன்.

“மாமா, அக்கா பேரு போட்ட பக்கத்தப் பாத்து நானே செஞ்சுட்டனுங்! ஒரு சந்தேகம். என் மெஷினு பேரத்தான் அதுல குடுத்தன். என் மெஷின்ல இருந்து டிசைனத் தொறக்க முடியுது, சேவ் பண்ண முடியல. ஆனா பேரே குடுக்காத ரிசப்ஷன் மெஷின்ல இருந்து சேவ் ஆகுதுங். என்ன கூத்து மாமா இது?”

கோதை பக்கத்தில் நின்று ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன கூத்து என்று எனக்கு அந்த நொடியே தெரியும். இந்தக் கூத்துக்கு உலகத்தில் ஒரே ஒரு காரணம்தான் உண்டு.

“அனுமதி எங்காச்சும் மாறியிருக்கும் மாப்ளே. அடுத்த வாரம் வந்து பாக்கறன்” என்றேன்.

“சரிங் மாமா. அதுவரைக்கும் ரிசப்ஷன் மெஷின்லயே வேலைய ஓட்டிக்கறன்.”

அவள் இருக்கும்போது எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 2, ஞாயிறு

கூப்பிடவில்லை. தலைவலி.

மார்ச் 4, செவ்வாய்

பூபதியின் டிசைன்கள் போய்விட்டன.

அந்தக் கட்டடம் முழுக்க ஒரே இன்டர்நெட் இணைப்பு. மேல்மாடியில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனி. அவர்களுடைய ஆள் தன் கோப்புகளை வைக்க இடம் தேடியிருக்கிறான். திறந்து கிடந்த ஒரு கோப்புறை தட்டுப்பட்டிருக்கிறது. யாரோ விட்டுப்போன பழைய குப்பை என்று நினைத்துத் துடைத்துவிட்டுத் தன் சரக்கை வைத்துவிட்டான். மூன்று வருடத்து டிசைன். ஹாலந்துக்காரனுக்கு 15-ஆம் தேதி சாம்பிள் போக வேண்டும். அதுவும் அதில்தான் இருந்தது. பழைய மெஷின்களில் இருந்த பிரதிகளை, எல்லாம் ஒரே இடத்துக்கு வந்தாயிற்றே என்று போன வாரம்தான் பூபதியே அழித்திருக்கிறான்.

மாலை ஆறு மணிக்குப் போன் வந்தது. பூபதி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“எப்பிடி ஆச்சுன்னு தெரியல மாமா. அக்கா பேரு போட்டிருந்துச்சு. அதான் வரிக்கு வரி அதே மாதிரி போட்டன்.”

கோதை என் கையிலிருந்து போனை வாங்கினாள். “என் பக்கத்துல என்னமோ தப்பு இருக்குதுடா கண்ணு. நான் கண்டுபுடிச்சர்றன்” என்றாள்.

மார்ச் 5, புதன்

கல்லூரிக்கு லீவு போடச் சொன்னாள். போட்டேன்.

பழைய பக்கங்களையும் புதிய பக்கங்களையும் அச்செடுத்து வைத்திருந்தாள். அச்சகத்தில் இதற்கு ஒரு முறை இருக்கிறதாம். ஒருவர் பழைய தாளைச் சத்தமாகப் படிக்க வேண்டும், ஒரு புள்ளியைக்கூட விடாமல் வாயால் சொல்லி. இன்னொருவர் புதிய தாளில் அடிக்குச்சி வைத்துப் பின்தொடர வேண்டும். தனியாகப் பார்த்தால் தப்பித்துவிடும் பிழை இரண்டு பேர் பார்த்தால் சிக்கிவிடும் என்றாள்.

“நீங்க படிங்க. நான் பாக்கறன்.”

காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தோம். கமா, புள்ளி, அடைப்பு திற, அடைப்பு மூடு. ஒரு ஜோசியக்காரன் மாதிரி ராகம் போட்டுப் படித்துக்கொண்டே போனேன். பதினொன்றரைக்கு முப்பத்தொன்றாம் பக்கம். அந்த வரியை மட்டும் கொஞ்சம் வேகமாகப் படித்தேன்.

“நில்லுங்க. மறுக்காப் படிங்க.”

படித்தேன்.

“பேருக்கும் அடைப்புக்கும் நடுவுல? ஒட்டிங்களா, விட்டுங்களா?”

“ஒட்டி.”

“இதுல விட்டு இருக்குது. நான்தான் விட்டிருக்கறன்.” நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “இதனால எதாச்சும் ஆகுங்களா?”

“ஆகும்” என்றேன். என்ன ஆகும் என்று சொன்னேன். ஏதோ இப்போதுதான் யோசித்துக் கண்டுபிடிக்கிறவன் மாதிரி, நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னேன்.

அவள் அடிக்குச்சியைக் கீழே வைத்தாள். அப்புறம் என் கையைத் தொட்டு, “உங்களுக்கும் தெரியாமப் போச்சு. நானூறு திருத்தத்தத் தூக்கி உங்க தலையில வெச்சா நீங்க எதத்தான் பாப்பீங்க, பாவம்” என்றாள்.

நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

மார்ச் 6, வியாழன்

170/100. டாக்டரம்மா மாத்திரையை மாற்றியிருக்கிறார்.

கோதை காலையிலேயே திட்டத்துக்காரர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு மடல் போட்டுவிட்டாள். என்னிடம் காட்டாமல் போட்ட முதல் மடல்:

‘முப்பத்தொன்றாம் பக்கத்து மாதிரி வரியில் ஆபத்தான ஓர் இடைவெளி இருக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் பின்பற்ற வேண்டாம். அந்த இடைவெளியை விட்டது நான். பார்த்துச் சரி சொன்னவர் என் கணவர், இது அவருக்குத் தெரியாது. பக்கத்தைச் சரிசெய்துவிட்டேன். பொறுப்பிலிருந்து விலகுகிறேன்.’

விலகிவிட்டாள். நான் காத்திருந்தபோதெல்லாம் கிடைக்காதது இப்போது காலியாக இருக்கிறது. எனக்கு அதன்மேல் ஆசையே வரவில்லை என்று எழுதினால் பொய். வந்தது.

மார்ச் 7, வெள்ளி

பதில்கள் வந்திருக்கின்றன. பதினொன்று. எல்லாமே கோதைக்கு ஆறுதல். நாங்கள் எல்லாரும் செய்திருக்கிறோம், விலக வேண்டாம், நீங்கள் கண்டுபிடித்ததுதான் பெரிய விஷயம் என்று. மார்த்தா மட்டும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: ‘தவறு என்னுடையது. எழுத்துப்பிழை மட்டும் பார்க்கத் தெரிந்தவரிடம் தொழில்நுட்பத்தை நம்பி விட்டிருக்கக் கூடாது.’

எழுத்துப்பிழை மட்டும் பார்க்கத் தெரிந்தவர். அது நான். அதற்குக் கீழே அந்தப் பின்லாந்துக்காரன்: ‘ஆறு வருடம் இருந்தும் அவருக்கு இது தெரியவில்லை என்பது ஆச்சரியம்தான், ஆனால் மன்னிக்கலாம்.’

மன்னிக்கலாமாம்! பதினான்கு வருடத்துக்கு முன்னால் பிரின்சிபால் அறையில் நின்று கற்றவன் நான். இவன் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பான். நேராக அடுப்படிக்குப் போனேன். கோதை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“தெரியாதுன்னு ஏன் எழுதுன?”

“என்னதுங்?”

“எனக்குத் தெரியாதுன்னு ஊருக்கெல்லாம் எழுதியிருக்கியே. எனக்கா தெரியாது? 2011-லயே தெரியும். அன்னிக்கு உன் கட்டப் பாத்தப்பவே தெரியும். அந்த வரியப் பாத்த உடனே கண்டுபுடிச்சன்!”

பெருமையாகத்தான் சொன்னேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லியிருக்கிறேன் என்பது என் காதிலேயே விழுந்தது.

கத்தி நின்றது.

“அன்னிக்கேவாங்?”

“ம்.”

“பூபதி போன் பண்ணி சேவ் ஆகலைன்னானே. அப்பவும் தெரியுங்களா?”

“தெரியும்.”

“முந்தாநாளு நான் உங்க கையப் புடிச்சு, பாவம்னு சொன்னனே.”

தலையை ஆட்டினேன்.

“ஏன்?” என்றாள்.

பத்தொன்பது வருடத்தில் அவள் ‘ங்க’ போடாமல் என்னைக் கேட்ட முதல் கேள்வி. வயிற்றெரிச்சல் என்று ஒரு சொல் போதும், முடிந்துவிடும். உன்னைக் கைதட்டினார்கள், என்னைத் தட்டவில்லை, அவ்வளவுதான் விஷயம். “தெரியல” என்றேன்.

அவள் பீன்ஸைத் தட்டோடு ஃப்ரிட்ஜில் வைத்தாள். கையைக் கழுவினாள். பையில் இரண்டு புடவையும் அந்தப் பழைய லேப்டாப்பையும் வைத்துக்கொண்டாள். பூபதிக்கு ஆள் போதாது, டிசைன்களைத் திரும்ப வரைவதை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க யாராவது வேண்டும், போகிறேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். காந்திபுரம் வரை வண்டியில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டேன். ஆட்டோவில் போய்விட்டாள்.

மார்ச் 8, சனி

பிரஷர் பார்க்கவில்லை. பூபதிக்கு மூன்று தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. மதியம் தயிர்சாதம்.

நான் இதைச் செய்திருக்கிறேன் என்று அவன் தெருவில் நிற்க வைத்துத் திட்டட்டும், வாங்கிக்கொள்கிறேன். அவளைப் பற்றித்தான் என்ன நினைப்பது என்று தெரியவில்லை. சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால் எப்போது திரும்பி வருவாள் என்று ஒரு கணக்காவது இருக்கும்.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் மடல் பெட்டியைத் திறந்தால் ஒரு மடல். எனக்குத் தனியாக இல்லை. திட்டத்தில் இருக்கும் எல்லாருக்கும், என் பெயரும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாக.

‘திருத்தம்: மார்ச் 6 அன்று நான் அனுப்பிய மடலில், நான்காம் வாக்கியத்தில், “இது அவருக்குத் தெரியாது” என்பதை “இது அவருக்குத் தெரியும்” என்று மாற்றி வாசிக்கவும். — பூங்கோதை.’

அவ்வளவுதான். கோபமாக ஒரு சொல் இல்லை, காரணம் இல்லை. என் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒன்றும் இல்லை. அவள் பெயருக்குப் பின்னால் என் பெயரும் இல்லை.

பழைய மடலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வாக்கியங்களை எண்ணினேன். நான்காவதுதான். அந்த ஒரு சொல்லை மாற்றி முழுசாகச் சத்தம் போட்டுப் படித்தேன். வீட்டில் யாரும் இல்லை, மறுபடியும் படித்தேன். ‘பார்த்துச் சரி சொன்னவர் என் கணவர்’ என்பது அப்படியே இருக்கிறது, அதில் அவள் கை வைக்கவில்லை.

ஒருவரும் பதில் போடவில்லை. என்ன போடுவார்கள்?

ஆறு வருடத்தில் நானும் இருநூற்றுப் பதின்மூன்று திருத்தங்கள் அனுப்பியிருக்கிறேன். அதில் ஒன்றுகூட இதற்குப் பக்கத்தில் வராது.